யாருக்கு வலிக்கிறது

பள்ளிக்கூட வாசலில் வைத்து ஆவுடை தன் மகளின் நெற்றியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். வியர்வை இருந்தால் பட்டை சரியாக ஒட்டாது என்று கல்வி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

“பக்கத்து வீட்டு டிவி மாதிரி நினைச்சுக்கோ. சத்தம் கேக்கத்தான் செய்யும். நீ பாட்டுக்கு உன் கணக்கப் போடு. எதையும் வாங்காத.”

“வாங்குறேனான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“சொகமா இருக்கும். அப்படி இருந்தா வாங்குறேன்னு அர்த்தம்.”

வடிவு தலையை ஆட்டினாள். பொன்வடிவு என்பது முழுப் பெயர். பதின்மூன்று வயது. இதுவரை எந்த வகுப்பறையிலும் உட்கார்ந்ததில்லை. அம்மா வீட்டு முன்னறையில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவாள். அந்தச் செம்புக் கம்பிகளுக்கு நடுவில்தான் வடிவு எழுத்தும் கணக்கும் கரண்டும் படித்தாள். வெளியாள் யாராவது பேர் கேட்டாலே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிற பிள்ளை.

வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த வருடம் புதுச் சட்டம் வந்திருந்தது. ஒருத்தர் மனதில் வருவதை வகுப்புக்கே பங்கு வைக்கிற பட்டையை மாட்டி, ஒருநாள் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டும். மற்றப் பிள்ளைகளிடமிருந்து வாங்காமல் தன் அறிவில் தேர்வு எழுதினால் வீட்டுக் கல்வி அனுமதி தொடரும். வாங்கினால் மறுநாளிலிருந்து பட்டையோடு பள்ளிக்கூடம். பதினெட்டு வயது வரை.

“தோத்துட்டா அம்மா என்ன செய்வ?” என்று வடிவு கேட்டாள்.

ஆவுடை முந்தானையை உதறிக்கொண்டு போய் எதிரே இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை அங்கேயே இருக்கப் போகிறாள் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

*

எட்டாம் வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லார் நெற்றியிலும் சாம்பல் நிறத்தில் விரலகலப் பட்டை. வடிவுக்குப் பட்டை மாட்டிவிட்டவர் திரவியம், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர். மடியில் ஒரு சின்னத் திரையை வைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“இந்தப் பச்சைக் கோடு நீ வாங்குற அளவும்மா. சிவப்பைத் தொட்டுச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. பயப்படாத, என்ன?”

அவர் கெட்டவரில்லை என்று வடிவுக்குத் தோன்றியது. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

காலையில் அவள் நன்றாகத்தான் எழுதினாள். ஆனால் மூன்றாவது கணக்கின்போது, வகுப்பில் யாரோ ஒருத்திக்கு விடை பிடிபட்டது. அந்தச் சந்தோஷம் முப்பது பேர் மேலும் ஒரே நேரத்தில் வெயில் மாதிரி விழுந்தது. வடிவு மேலும் விழுந்தது. வீட்டில் ஒரு கணக்கு புரிய ஒரு வாரம் ஆனால், அந்த ஒரு வாரமும் தொண்டையில் ஏதோ மாட்டியதுபோல இருக்கும். இங்கே மாட்டவே இல்லை. அத்தனை சுகமாக இருந்தது. உடனே அம்மா சொன்னது நினைவு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தன் தாளையே பார்த்தாள்.

பின்னால் திரவியம் நாற்காலியில் அசையும் சத்தம் கேட்டது. 

மதியச் சாப்பாட்டுக்கு ஜெபக்கனி என்ற பெண் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் ஓயாத பிள்ளை.

“ஏட்டி, வீட்டுல ஒத்தையா உக்காந்து என்னத்தப் படிப்ப?”

“அம்மாகூட காயில் சுத்துவேன்.” வடிவு குனிந்துகொண்டே சொன்னாள். “அதுலயே கணக்கு வந்துரும். தப்பாச் சுத்தினா மோட்டார் கருகிரும். அப்புறம் அவுத்துட்டு, எங்க தப்புன்னு பாப்போம்.”

“கருகட்டும்னு விட்டுருவாளா உங்கம்மா?”

“விட்டுருவா. அப்பத்தான் மறக்காதாம்.”

“நல்ல அம்மாட்டி! எங்களுக்கெல்லாம் ஒருத்திக்குப் புரிஞ்சாப் போதும். எல்லாரும் பாஸு.”

“யாருக்குமே புரியலன்னா?”

“எல்லாரும் ஃபெயிலு. அதுல யாரு அழப் போறா?” ஜெபக்கனி முட்டையை இரண்டாகப் பிட்டு வாயில் போட்டாள். “எங்க அக்கா கல்யாணத்துல பாக்கணுமே. அவ இன்னும் பட்டைய அவுக்கல. தாலி கட்டும்போது அவ செட்டு பூரா வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சு நின்னுச்சு. பந்தியில இலை எடுத்தவன் அவ செட்டுக்காரன். அவனும் வெக்கப்பட்டுக்கிட்டேல்ல இலை எடுத்தான்!”

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே வகுப்பில் ஒன்றாகப் பட்டை மாட்டி வளர்ந்தவர்களைத்தான் ஊரில் செட்டு என்பார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் செட்டாகத்தான் எடுத்தார்கள். ஒரு செட்டுக்கு ஒரு முறை சொன்னால் போதும்.

ஜெபக்கனி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். “போன வருஷம் ஒருத்தி வீட்டுல அடுப்பு எரியல. காலையில சாப்பிடாம வந்துட்டா. வகுப்புக்கே பசி. தாங்க முடியல. எல்லாரும் சேந்து கத்தினோம். மறுநாளுலருந்து காலைச் சாப்பாடு போட்டுட்டாவ. இப்ப நீ உங்க வீட்டுல பட்டினி கெடந்தா யாருக்குட்டி தெரியும்?”

 வீட்டுப் பாடத்தின் பெருமையை அம்மா எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். இந்தக் கேள்வியை மட்டும் அம்மா சொல்லிக் கொடுக்கவில்லை.

“யாரு அது? பட்டினியா வந்தது?”

ஜெபக்கனியின் முகம் சட்டென்று மாறியது. “அப்பிடிக் கேக்கக்கூடாது. யாரு யாருன்னு கேக்கக்கூடாது. ஒண்ணாங் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்துருவாவ. அது அசிங்கம்.”

*

மதியத் தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வடிவுக்கு வயிற்றில் லேசாக ஒரு வலி. பயத்தினால் என்று முதலில் நினைத்தாள். கையை வயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள். அழுத்திய இடத்தில் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. அது அவள் வயிற்றில் இல்லை. எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

சுற்றிலும் பார்த்தாள். பாதிப் பேருக்கு மேல் ஒரு கையால் எழுதிக்கொண்டு மறு கையை வயிற்றில் வைத்திருந்தார்கள். யார் முகத்திலும் கலக்கம் இல்லை.

சகாயமேரி டீச்சர் மேசையிலிருந்த திரையைப் பார்த்தார். “வகுப்புக்கு லேசா வயித்து வலின்னு காட்டுது. மதியம் முட்டைதான் ஒத்துக்கல போல. இருங்க, ஓம வாட்டர் தாரேன்.”

எல்லாருக்கும் ஒவ்வொரு மூடி ஓம வாட்டர் வந்தது. முகத்தைச் சுளித்துக் குடித்தார்கள். ஒருத்தன் சுளித்ததும் முப்பது முகமும் சுளித்தது. சிரித்தார்கள்.

வடிவு குடிக்கவில்லை.

“இது யாரு வலி?” என்று பக்கத்தில் இருந்த ஜெபக்கனியிடம் கிசுகிசுத்தாள்.

“திரும்பவும் பாரு! வலி வலிதான்ட்டி. எல்லாருக்கும்தான் வலிக்குது. கொஞ்சூண்டு. எழுது.”

வடிவு எழுதப் பார்த்தாள். எழுத்து ஓடவில்லை. எங்கேயோ ஒரு வயிற்றில் ஆரம்பித்த வலியை இவர்கள் முப்பது பேரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைத்தது இந்தக் கொஞ்சூண்டு. அந்தக் கொஞ்சூண்டை அவள் மனதுக்குள் முப்பதால் பெருக்கினாள். பெருக்கி, எல்லாவற்றையும் ஒரே வயிற்றுக்குள் வைத்துப் பார்த்தாள்.

தாளைத் தள்ளி வைத்தாள்.

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. இதுவரை மூடி வைத்திருந்த மனதைத் திறந்துவிட்டாள். வலி இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. குளிர். மத்தியான வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே, பனிக்காலத்து விடியற்காலை மாதிரி ஒரு குளிர். யாருக்கோ காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. யாருக்கு என்று மட்டும் தெரியவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. தெரியாமல் இருப்பதற்காகத்தானே அந்தப் பட்டை.

“வடிவு.” திரவியத்தின் குரல். “கோடு ஏறுது. மூடிக்கோம்மா. இன்னும் கொஞ்ச நேரம்தான்.”

அவள் எழுந்து நின்றாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. முப்பது தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

“டீச்சர்.” யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். “டீச்சர், இங்க ஒருத்தருக்கு ரொம்ப முடியல.”

“எல்லாருக்கும்தான் லேசா வலிக்குது. உக்காரு.”

“எல்லாருக்கும் இல்ல டீச்சர். ஒருத்தருக்குத்தான். மத்தவங்க வாங்கிக்கிட்டிருக்காங்க.”

“யாருக்கு?”

“தெரியல. அணைச்சாத் தெரியும்.”

வகுப்பே மூச்சை இழுத்துக்கொண்டது. கரும்பலகைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சாம்பல் பெட்டி இருந்தது. அதில்தான் எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே சுவிட்ச். பாடவேளையில் அதைத் தொடக்கூடாது என்று மேலே சிவப்பில் எழுதியிருந்தது.

சகாயமேரி டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். “உனக்கு விவரம் தெரியாது. திடீர்னு அணைச்சா பிள்ளைகளுக்குத் தலை சுத்தும். நீ சொல்ற மாதிரி ஒரு பிள்ளை இருந்தா, மொத்த வலியும் ஒரே நேரத்துல அது தலையில விழும். அது பாவமில்லையா?”

“அது அதோட வலிதானே டீச்சர்?”

டீச்சர் மேசைத் திரையை மறுபடியும் பார்த்தார்.

திரவியம் எழுந்து வந்தார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். “பாரும்மா. தேர்வு நடக்கும்போது இணைப்பை அணைச்சா தேர்வு ரத்து. உன் அனுமதியும் ரத்து. நான் எழுதித்தான் ஆகணும். கோடு இன்னும் சிவப்பைத் தொடல. நீ இப்படியே போய் உக்காந்து மிச்சத்த எழுதினா, நீ வீட்டுக்குப் போயிரலாம். நான் டீச்சர்கிட்ட சொல்லி, பெல் அடிச்சப்புறம் எல்லாரையும் பாக்கச் சொல்றேன். சரியா?”

ஜன்னல் வழியாகப் புளியமரம் தெரிந்தது. அம்மாவின் பச்சைச் சேலை தெரிந்தது. பெல் அடிக்க இன்னும் ஒரு பாடவேளை இருந்தது.

வடிவு பெஞ்சுகளைப் பார்த்தாள். முப்பது முகத்திலும் ஒரே மாதிரி லேசான சோர்வு. ஒரே நேரத்தில் எல்லாரும் பேனாவை வைத்தார்கள். ஒரே நேரத்தில் எல்லாரும் தோளைக் குறுக்கினார்கள். அந்தக் குளிர் இப்போது எல்லாருக்கும் எட்டியிருந்தது. ஆனால் ஒருத்தரும் பயப்படவில்லை. முப்பதில் ஒரு பங்குக் காய்ச்சலுக்கு யார் பயப்படுவார்கள்?

அவள் ஓடினாள். சுவிட்ச் பெட்டிகள் அவளுக்குப் புதிதில்லை. மூடியைத் தட்டித் திறந்து கீழே இழுத்துவிட்டாள்.

பட்டைகளின் ஓரத்திலிருந்த சின்ன விளக்குகள் அணைந்தன.

இருபத்தொன்பது பேர் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். வயிற்றிலிருந்து கைகள் விலகின. முதுகுகள் நிமிர்ந்தன. ஒருத்தன் சிரிக்கக்கூடச் செய்தான்.

மூன்றாவது வரிசையில், தாள் ஓரத்தில் பூ வரைந்து வைத்திருந்த பாத்திமுத்து என்ற பெண் மட்டும் வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்த வகுப்பறை கேட்டதே இல்லை. அவள் வலது காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து தரையில் சரிந்தாள்.

டீச்சர் ஓடினார். திரவியம் ஆட்டோவுக்குக் கத்திக்கொண்டே வெளியே ஓடினார். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தங்கள் தோழி தரையில் துடிக்கிறாள், தங்களுக்கு ஒன்றும் இல்லை. அது அவர்களுக்குப் புரியவில்லை.

ஜெபக்கனி வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எனக்கு ஒண்ணுமே தெரியலியேட்டி. அவளுக்கு என்ன செய்யுது? எனக்குத் தெரியலியே! எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“பக்கத்துல போய்க் கேளு.”

“என்னன்னு கேக்க?”

“எங்க வலிக்குதுன்னு கேளு.”

ஜெபக்கனி போகவில்லை. வடிவு போய்ப் பாத்திமுத்துவின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவள் வடிவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். “போடச் சொல்லு... சுவிட்சைப் போடச் சொல்லு...” என்று கெஞ்சினாள். ஆட்டோ வரும்வரை கெஞ்சினாள். வடிவு கையை விடவுமில்லை, சுவிட்சைப் போடவுமில்லை.

*

குடல்வால் வெடித்திருந்தது. அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து, “இவ்வளவு வலிய வச்சுக்கிட்டு எப்படிம்மா பெஞ்சுல உக்காந்திருந்தா?” என்று கேட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பாத்திமுத்து பிழைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க ஆவுடை மகளிடம் சரியாகப் பேசவில்லை. திட்டவுமில்லை. காயில் கட்டும்போது கம்பி இரண்டு முறை அறுந்தது. பட்டையோடு மகளை அழைத்துப் போக ஆள் வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரவியம் ஒரு காலை நேரத்தில் வந்தார். கையில் உறை.

“ரத்துதானே சார்?” என்றாள் ஆவுடை. கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இல்லம்மா. நீட்டிச்சிருக்கு. பதினெட்டு வயசு வரைக்கும், இனி தேர்வு கிடையாது. மேலிடத்துல உங்க பிள்ளையப் பத்தித்தான் பேச்சு. வீட்டுல வளந்ததாலதான் அவளுக்கு அது தெரிஞ்சுச்சுன்னு எழுதியிருக்காங்க.”

ஆவுடை நிமிர்ந்தாள். எத்தனையோ வருடமாக யார் யாரிடமோ வாதாடி வந்ததை அவர் தானாகவே சொல்லிவிட்டார். அவள் முகத்தில் சந்தோஷம் வரப் பார்த்தது. ஆனால் திரவியம் இன்னும் போகாமல் நின்றார்.

“என்ன சார்?”

“இனிமே ஒவ்வொரு வகுப்புலயும் பட்டை போடாத பிள்ளை ஒண்ணு இருக்கணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. வெளியில நின்னு பாத்துக்க. பட்டையில வளந்த பிள்ளைய அதுக்குப் பழக்க முடியல. கழட்டினா அழுவுது. வீட்டுல வளந்த பிள்ளைதான் வேணும்.” அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “கட்டாயமில்லம்மா. அனுமதி உங்க கையில இருக்கு. கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

“நல்லா இருக்கே கத!” ஆவுடையின் குரல் உயர்ந்தது. “உங்களுக்குக் காவல் காக்கவா நான் என் பிள்ளைய இம்புட்டு நாள் பொத்தி வளத்தேன்? அதுக சேந்து சிரிக்கும், சேந்து அழும். இவ மட்டும் கட்டை மாதிரி நடுவுல உக்காந்திருக்கணுமா? ஒத்தையா இருக்கிறது வீட்டுல கஷ்டமில்ல சார். கூட்டத்துல இருந்து பாருங்க.”

“உண்மைதான்ம்மா” என்றார் அவர். கிளம்பத் திரும்பினார்.

வடிவு கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். “நம்ம வகுப்புல இப்ப யாரு பாக்குறா சார்?”

“யாருமில்லம்மா.”

“பட்டை திரும்பப் போட்டுட்டாங்களா?”

“அன்னைக்கு மறுநாளே. பிள்ளைங்க கேட்டு அழுதுச்சு.”

வடிவு அம்மாவைப் பார்த்தாள். ஆவுடை கம்பிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“முதமுதல்ல பட்டை போட்ட செட்டு நாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் நான் கழட்டல. உனக்கு முந்தி ஒண்ணு வயித்துல இருந்துச்சு வடிவு. ஏழு மாசம். ஒருநா லேசா இடுப்பு வலி. எனக்கும் லேசா, எங்க செட்டுல எல்லாருக்கும் லேசா. ஆம்பளப் பயலுகளுக்கும். இடுப்பப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் கேலி பண்ணிச் சிரிச்சோம். சுக்குக் காப்பி போட்டுக் குடிச்சோம். யாருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல.” கம்பியை விரலில் சுற்றினாள். “பிள்ளை போனப்புறம் அழுகையும் அப்பிடித்தான் இருந்துச்சு. லேசா. என் பிள்ளைக்கு லேசா அழுதேன் சார் நான். அன்னைக்குத்தான் கழட்டி எறிஞ்சேன்.”

திரவியம் செருப்பைக்கூட மாட்டாமல் நின்றார்.

ஆவுடை மகளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டில் நகம் பதிந்த காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை. அதன்மேல் கட்டைவிரலை வைத்தாள். “போறியா?” என்றாள்.

வடிவு தலையை ஆட்டினாள்.

“பட்டை போடமாட்டா சார்” என்று ஆவுடை அவரிடம் சொன்னாள். “மத்தியானம் வரைக்கும்தான். அதுக்கப்புறம் என்கூடப் படிப்பா. அவளுக்குப் பிடிக்கலன்னு என்னைக்குச் சொல்றாளோ, அன்னைக்கு நிப்பாட்டிருவேன். சம்மதமா?”

“சம்மதம்மா.”

“காலையில எத்தன மணிக்குப் பெல் அடிப்பிய?”

*

திங்கட்கிழமை, பிள்ளைகளைப் பார்த்தபடி கரும்பலகை ஓரத்தில் வடிவுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். யாரும் அவளை வா என்று சொல்லவில்லை. பாத்திமுத்துவின் இடம் காலியாக இருந்தது. முதல் பாடவேளையின் நடுவில் வகுப்பே திடீரென்று சிரித்தது. எதற்கு என்று வடிவுக்குத் தெரியவில்லை. சிரிப்பு அடங்கும்வரை கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்போல இருந்தது. வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள்.

பிறகு எழுந்து முதல் பெஞ்சுக்குப் போனாள். ஓரத்தில் ஜெபக்கனி இருந்தாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் வடிவு.

“நல்லாயிருக்கோம்.”

“உனக்கு?”

“நல்லாயிருக்கோம்ட்டி.”

வடிவு நகரவில்லை. ஸ்டூலை இழுத்து அவளுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

“உனக்கு, ஜெபக்கனி?”

ஜெபக்கனி சொல்ல வாயைத் திறந்தாள். மூடினாள். இருட்டறையில் எதையோ தேடுகிறவள் போல, கண்களைச் சுருக்கிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தாள்.